மண்டபத்துக் கணக்கு சென்னைக்குப் போகலாமா?

மண்டபத்தில் ஒரு குழுமத்தின் கடல் உணவு யூனிட்டில் கணக்குப் பொறுப்பில் இருக்கிறீர்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை மீன் கொள்முதல் நிலையங்கள், ஐஸ் பிளாண்டுகள், வாலிநோக்கம் பக்கம் உப்பளம், லாரிகள், ஒரு பள்ளிக்கூடம் என்று பன்னிரண்டு யூனிட், ஏறக்குறைய மூவாயிரம் பேர். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனிச் சம்பளப் பட்டியல், தனித்தனிக் கொள்முதல். இப்போது நிர்வாகம் சென்னையிலிருந்து ஆலோசகர்களை அழைத்து வந்திருக்கிறது. ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே ஷேர்டு சர்வீஸ் சென்டரில், அதாவது எல்லா யூனிட்டின் அலுவலக வேலையையும் பார்க்கும் ஒரே மையத்தில், சேர்த்துவிடலாம், முப்பது சதவீதம் செலவு மிச்சம் என்கிறார்கள். பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன, எந்த வேலையை முதலில் மாற்றுவது, மையத்தைச் சென்னையில் வைப்பதா ராமநாதபுரத்தில் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், யூனிட்டில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் என்ன ஆவோம் என்றும் ஒரு கேள்வி. உங்கள் மனத்தில் பெரிதாக இருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கான பதில் மற்ற மூன்றின் வழியாகத்தான் வரும் என்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கணக்குத் துறைக்காரன். இருபது ஆண்டுக்கும் மேலாகச் சென்னையிலும் மதுரையிலும் இப்படிப்பட்ட மையங்களை அமைப்பதிலும் நடத்துவதிலும் இருந்திருக்கிறேன். சொந்த ஊர் தேவிபட்டினம், அதனால் நீங்கள் சொல்லும் கரை எனக்குப் புதிதில்லை. ஆனால் உங்கள் குழுமத்தின் கணக்குகளை நான் பார்த்ததில்லை. எத்தனை கம்பெனிகளாகப் பதிவாகியிருக்கிறது, என்ன மென்பொருள் ஓடுகிறது என்பதெல்லாம் தெரியாமல் எழுதுகிறேன். அதனால் எது உறுதி, எது என் கணிப்பு என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த முப்பது சதவீதம். இந்த ஏற்பாடு 1980-களில் ஃபோர்டு, ஜெனரல் எலக்ட்ரிக் போன்ற நிறுவனங்களில் தொடங்கியது. நாட்டுக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்த கணக்கு வேலையை ஓரிடத்தில் சேர்த்தார்கள். 1990-களில் அது இந்தியாவுக்கு வந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் 1997-இல் குருகிராமில் தொடங்கிய மையம்தான் பின்னாளில் ஜென்பாக்ட் என்ற தனி நிறுவனமானது. 2001-இல் உலக வங்கி தன் கணக்கு வேலையில் ஒரு பகுதியைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அவர்களுக்குக் கிடைத்த மிச்சத்தில் பெரும்பங்கு சம்பள வித்தியாசத்தால் வந்தது. வாஷிங்டனிலும் லண்டனிலும் கொடுத்த சம்பளத்துக்குப் பதிலாகச் சென்னைச் சம்பளம் கொடுத்தார்கள். உங்கள் குழுமத்துக்கு அந்த வித்தியாசமே கிடையாது. மண்டபத்தில் பி.காம் முடித்த ஒருவர் வாங்குவதைவிடச் சென்னையில் அதே வேலைக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும், வாடகையும் கூடும். ஆகவே பன்னாட்டு நிறுவனங்களின் சதவீதத்தை எடுத்து உங்கள் கணக்கில் வைத்தால் அது பொருந்தாது. இது கணிப்பே இல்லை, கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரியும்.

அப்படியானால் மிச்சமே இல்லையா என்றால், இருக்கிறது. பன்னிரண்டு யூனிட்டும் தனித்தனியாக டீசல், அட்டைப்பெட்டி, தெர்மோகோல் பெட்டி, உதிரிபாகம் வாங்குகின்றன. சேர்த்துப் பேரம் பேசினால் விலை இறங்கும். ஒரே பில்லுக்கு இரண்டு யூனிட்டில் பணம் போவது நிற்கும். ஒரு யூனிட்டின் நடப்புக் கணக்கில் பணம் சும்மா கிடக்கும்போது இன்னொரு யூனிட் ஓவர்டிராஃப்டுக்கு வட்டி கட்டுவது நிற்கும். தாமதக் கட்டணங்கள் நிற்கும். இவை எல்லாமே வேலை ஒரே மாதிரி நடப்பதால் வரும் மிச்சம், மேசையை ஊர் மாற்றுவதால் வருவதில்லை. பன்னிரண்டு யூனிட்டும் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஒரே முறையில் கணக்கு வைக்கத் தொடங்கினாலே இதில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம். பாதி என்பது என் மதிப்பீடு. உங்கள் ஆலோசகர்களிடம், எவ்வளவு மிச்சம் இடமாற்றத்தால், எவ்வளவு முறைமாற்றத்தால் என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கூடவே ஒரு செலவையும் கேளுங்கள், இதை முதல் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை. உங்கள் குழுமத்தில் உப்பளம் ஒரு கம்பெனி, கடல் உணவு ஒரு கம்பெனி, பள்ளி ஒரு அறக்கட்டளை என்று இருந்தால், மையம் இவர்களுக்குச் செய்யும் வேலை ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு சேவை. பில் போட்டு 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். உறவுள்ள நிறுவனங்களுக்கிடையே இலவசமாகச் செய்தாலும் அது சேவையாகவே கருதப்படும். கடல் உணவு ஏற்றுமதிக் கம்பெனி அந்த வரியைத் திரும்பப் பெற்றுவிடலாம். ஆனால் உப்புக்கு வரி இல்லை, பள்ளிக் கல்விக்கு வரிவிலக்கு. அதனால் அந்த இரண்டு இடத்திலும் கட்டிய வரி திரும்பி வராது, செலவோடு சேர்ந்துவிடும். உப்பளத்தின் பங்கு ஆண்டுக்கு 10 லட்சம் என்றால் 1,80,000 ரூபாய் சுத்தமாகக் கூடுதல். இப்போது அதே ஆட்கள் உப்பளக் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருப்பதால் இந்த வரி இல்லை. உப்பளத்தையும் பள்ளியையும் முதல் கட்டத்தில் சேர்க்காமல் விடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். உங்கள் ஆடிட்டரிடம் கம்பெனிவாரியாக இதைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இனி எந்த வேலை போகலாம் என்பது. வழக்கமாக ஆலோசகர்கள் துறை பெயரைப் போட்டுப் பட்டியல் தருவார்கள்: கணக்கு போகும், சம்பளம் போகும், கொள்முதல் போகும், விற்பனை இங்கேயே இருக்கும் என்று. அப்படிப் பிரிப்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். ஒவ்வொரு வேலையையும் எடுத்து, அதற்கு வேண்டிய உண்மை எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். அந்த உண்மை ஏற்கெனவே தாளிலோ கணினியிலோ முழுதாக இருந்தால் வேலை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். யாரோ ஒருவர் கரையில் நின்று கண்ணால் பார்த்துத்தான் அது தெரியும் என்றால், அந்த வேலையின் அந்தப் பகுதி கரையிலேயே இருக்க வேண்டும்.

நிரந்தரப் பணியாளர் சம்பளம், மாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் என்ற பிடித்த வரி, 15-க்குள் பிஎஃப், ஈஎஸ்ஐ, ஜிஎஸ்டி ரிட்டர்ன்கள், வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது, சொத்துப் பதிவேடு ஆகியவற்றுக்கு விதி ஒன்று, தேதி ஒன்று. கடலில் காற்று எப்படி அடித்தாலும் இவை மாறாது. இவற்றைத் தயங்காமல் மையத்துக்குக் கொடுங்கள். வருமான வரித் துறை 2009-இல் பெங்களூரில் தொடங்கிய சிபிசி என்ற மையம் நாடு முழுக்க ரிட்டர்ன்களைப் பரிசீலித்து ரீஃபண்டு அனுப்புகிறது. முன்பு அந்தந்த ஊர் அதிகாரியின் மேசையில் மாதக்கணக்கில் கிடந்த வேலை அது. அங்கே முடிந்ததற்குக் காரணம், ரிட்டர்ன் அங்கே போகும்போதே ஒரே வடிவத்தில், நிரப்ப வேண்டியதெல்லாம் நிரப்பப்பட்டுப் போகிறது. அதே துறையில், ஒரு பழைய பாக்கி சிபிசி திரையில் நிற்கும், அதைத் தீர்க்கும் தாள் உள்ளூர் அதிகாரியிடம் இருக்கும், வரி கட்டுபவர் இருவருக்கும் நடுவே அலைவார். உங்களில் பலர் அலைந்திருப்பீர்கள். ஒரே மையம், ஒரே ஊழியர்கள். உண்மை முழுதாக வந்த இடத்தில் வேலை ஓடுகிறது, பாதி வேறிடத்தில் இருக்கும்போது நிற்கிறது.

கரைக்கு வாருங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை வருகின்றன. ஆக உங்கள் கொள்முதல் அதிகம் நடப்பது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில். இறால் எத்தனை கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால்), நண்டில் எவ்வளவு காலொடிந்தது, கணவாயில் எவ்வளவு இரண்டாம் தரம், எடையில் தண்ணீருக்கு எவ்வளவு கழிப்பது, போன மாதம் எஞ்சின் வேலைக்குக் கொடுத்த முன்பணத்தில் இந்த முறை எவ்வளவு பிடிப்பது என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் உங்கள் கொள்முதல் ஆளும் படகுக்காரரும் நேருக்கு நேர் பேசி முடிப்பது. துண்டுச் சீட்டில் இருப்பது அதன் முடிவு மட்டும். இந்தத் தீர்மானத்தைச் சென்னைக்கு மாற்ற முடியாது. மாற்ற முயன்றால் மையத்தில் இருக்கும் பெண் சீட்டைப் பார்த்துவிட்டு மண்டபத்துக்குப் போன் செய்வார், மண்டபத்துக்காரர் படகுக்காரருக்குப் போன் செய்வார், படகுக்காரர் அப்போது கடலில் இருப்பார்.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றையும் கேட்கிறது. வங்கி வழியாகப் பணம் அனுப்பும் முறைகளில் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் இருபத்து நான்கு மணி நேரமும், விடுமுறை நாளிலும் ஓடுகின்றன. வங்கியால் தடை இல்லை. தடை, ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டியவர் சனி, ஞாயிறு விடுமுறையில் இருப்பது. ஞாயிறு காலை மீன் கொடுத்த படகுக்காரர், திங்கள் அதிகாலை மறுபடி கடலுக்குப் போக டீசலும் ஐசும் போட வேண்டும். "அண்ணே, காசு எப்ப விழும்?" என்று அவர் கேட்கும்போது, செவ்வாய்க்கிழமை என்று பதில் வந்தால் அடுத்த முறை பக்கத்துக் கம்பெனித் தராசில் மீனைப் போடுவார். அவர் புகார் எழுதித் தரமாட்டார். மீன் வரத்து குறைந்ததற்குக் காரணம் மையம் என்று எந்த அறிக்கையிலும் வராது. மையத்தின் வேலை நாட்காட்டி கடலுக்குப் போகும் நாட்களைப் பார்த்து அமைய வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இறால் உரிக்கிற பெண்களின் வாரக்கூலியும் இதே வகைதான். கிலோ கணக்கு தராசடியில் பிறக்கிறது. பணம் அனுப்புவது மையத்திலிருந்து நடக்கலாம். ஆனால் கிலோவைக் குறித்து, அவர் எதிரிலேயே சரி என்று ஒப்புக்கொண்டு மூடுவது அதே இடத்தில், அதே நாளில் முடிந்தாக வேண்டும். அந்தக் கூலியை நம்பித்தான் அவர்கள் வீட்டில் வாரச் செலவு நடக்கிறது. அதில் ஒரு நாள் தாமதத்தைக்கூட மாறுதல் காலத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லி ஏற்கக் கூடாது.

நடுவில் நிற்கும் வேலை ஒன்று உண்டு, ஏற்றுமதி ஆவணங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் மையத்தில் தயாரிக்கலாம். ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு 2010 ஜனவரியிலிருந்து பிடிப்புச் சான்றிதழ் கட்டாயம். எந்தப் படகு பிடித்தது, பதிவு எண் என்ன, எங்கே கரை சேர்ந்தது என்ற விவரம் இல்லாமல் அது கிடைக்காது. அந்த விவரம் மூக்கையூரிலும் பாம்பனிலும் கொள்முதல் சீட்டில் எழுதப்படுகிறது, அல்லது எழுதப்படாமல் போகிறது. இந்த வேலையை மாற்றும் முன் கொள்முதல் சீட்டில் படகு எண் இல்லாமல் எடைச் சீட்டு அச்சாகவே கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவாருங்கள். அது வந்து இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக நடந்த பிறகு ஆவண வேலையை மாற்றலாம்.

இங்கேதான் பெரிய நிறுவனங்கள் தடுக்கி விழுகின்றன, அதில் உலகமே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கனடா அரசு 46 துறைகளின் சம்பள வேலையை மிராமிச்சி என்ற சிறிய ஊரில் ஒரே மையமாகச் சேர்த்தது. சால்மன் மீனுக்குப் பேர்போன ஆற்றோர ஊர் அது. துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பள அலுவலர் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சியில் சுமார் 550 பேரை வைத்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி கனடிய டாலர் மிச்சம் என்பது கணக்கு. 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது. 2017 நடுவில் ஒன்றரை லட்சம் ஊழியர்களின் சம்பளச் சிக்கல்கள் தீராமல் நின்றன. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். தலைமைத் தணிக்கையாளர் 2018-இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் காரணம் தெளிவாகத் தெரியும்: ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டத்தைக் கைவிட்டார்கள், செலவைக் குறைக்க மென்பொருளின் பல செயல்பாடுகளை வெட்டினார்கள், விவரம் தெரிந்த பழைய ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் சம்பளத்துக்கும் 2010-இல் ஏறத்தாழ இதே கதி நேர்ந்தது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

அந்த 1,200 பேருக்குத் தெரிந்திருந்தது என்ன? இன்னாருக்கு மகப்பேறு விடுப்புக்குப் பிறகு இந்தப் படியை இப்படிக் கணக்கிட வேண்டும், இந்தத் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இந்த ஷிப்டுக்கு இந்த விதி என்பது போன்ற ஆயிரக்கணக்கான விதிவிலக்குகள். அவை எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. உங்கள் யூனிட்டிலும் அப்படித்தான். எந்த ஐஸ் கம்பெனிக்கு வாரத்துக்கு ஒரு முறை பணம் கொடுக்க வேண்டும், எந்த லாரிக்காரரின் பில்லில் டோல் சேர்ந்தே வரும், எந்த ஏஜெண்டின் முன்பணம் அவர் பெயரில் இல்லாமல் தம்பி பெயரில் நிற்கிறது என்பது உங்கள் தலையில் இருக்கிறது. இதை எழுத்தில் எடுக்காமல் ஆளை அனுப்பினால், அன்றைக்கு மிச்சமானது அடுத்த ஆண்டு பலமடங்காகத் திரும்பிப் போகும்.

எனவே வரிசை இப்படி இருக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. முதலில் பெயர்ப் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஐஸ் பிளாண்ட் நான்கு யூனிட்டில் நான்கு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வைத்து ஒன்றாக்க வேண்டும். இது சலிப்பான, மாதக்கணக்கில் இழுக்கும் வேலை, இதைத் தாண்டிக் குதிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அப்போதே வெண்டரை, அதாவது நமக்குச் சரக்கு தருபவரை, பதிவு செய்பவர் ஒருவர், பணம் அனுப்புபவர் வேறொருவர் என்று பிரித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்காமல் மாற்றக் கூடாது. மையம் புதிதாகத் தொடங்கும் நாட்களில் யாருக்கும் யார் குரலும் பழகியிருக்காது. ஏமாற்றுபவர்கள் பார்த்து நுழைவது அந்த நேரத்தில்தான். அடுத்து எல்லா யூனிட்டும் இருந்த இடத்திலிருந்தே ஒரே முறைக்கு வரட்டும். பிறகு ஒரு யூனிட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகு மற்றவை.

எப்போது மாற்றுவது என்பதில் இந்தக் கரைக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதே வசதியில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, கொள்முதல் சுருங்கிவிடும், அந்த நேரத்தில் மாற்றினால் தொல்லை குறைவு என்று தோன்றும். சரிதான், மாற்றுவதற்கு அது நல்ல காலம். சோதித்துப் பார்ப்பதற்கு அது கெட்ட காலம். மே மாதம் நாளைக்கு நாற்பது சீட்டு வரும்போது எந்த முறையும் அழகாக ஓடும். தடை முடிந்து முதல் படகுகள் கரைக்கு வரும் காலையில் வரும் கூட்டத்தை அது தாங்குமா என்பது மே மாதத்தில் தெரியாது. அதனால் பழைய முறையும் புதிய முறையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சோதனையை வரத்து நன்றாக இருக்கும் மாதங்களில் முடித்துவிட்டு, மார்ச் 31 கணக்கு முடிப்பைப் பழைய முறையிலேயே செய்துவிட்டு, தடைக்காலத்தில் மாற்றி, ஜூன் 15-லிருந்து ஆகஸ்டு வரை பழைய ஆட்கள் ஒருவரையும் விடாமல் வைத்திருங்கள். ஆறு மாதம் என்ற கெடுவுக்குள் இது அடங்காது. ஒன்றரை ஆண்டு வேண்டும் என்பது என் மதிப்பு. உங்கள் தரவு நான் நினைப்பதைவிடச் சுத்தமாக இருந்தால் கொஞ்சம் குறையலாம்.

மையம் ஓடத் தொடங்கிய பிறகு அதை எதை வைத்து அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பல இடங்களில் பார்த்திருக்கிறேன், மாத அறிக்கையில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும், யூனிட்டில் எல்லோரும் கோபமாக இருப்பார்கள். ஏனென்றால் மையத்தின் கடிகாரம் முழுமையான பில் வந்த நேரத்திலிருந்து ஓடும். பில் முழுமையில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பிய நாட்கள் கணக்கில் வராது. தெற்கே ஒரு உற்பத்திக் குழுமத்தில் மையம் வந்ததும் ஸ்டோர்க்காரர்கள் சரக்கு வந்ததைப் பதிவதையே தள்ளிப்போட ஆரம்பித்தார்கள். இனி எல்லாம் மையம் பார்த்துக்கொள்ளும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆர்டர், சரக்குப் பதிவு, பில் மூன்றும் பொருந்தாமல் பில்கள் குவிந்தன, மையத்தின் அறிக்கையோ சுத்தமாக இருந்தது. ஆகவே கடிகாரத்தை மீன் தராசில் ஏறிய நேரத்திலிருந்து படகுக்காரர் கணக்கில் பணம் விழும் நேரம் வரை ஓடவிடுங்கள். சரக்கு கேட்டில் நுழைந்த நாளிலிருந்து பணம் போகும் நாள் வரை ஓடவிடுங்கள். மையத்துக்கு வரும் போன்களில் எத்தனை, "பணம் ஏன் வரல?" என்ற வகை என்று தனியாக எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் மையம் தன் வேலையைத் தானே பெருக்கிக்கொண்டிருக்கிறது.

தாமதத்துக்கு வரியிலும் விலை உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமானத்தில் கழிக்க முடியும். உங்கள் பெட்டி செய்பவர், வலை பழுது பார்ப்பவர், உள்ளூர் ஐஸ் பிளாண்ட் பலரும் இந்த வகையில் வரக்கூடியவர்கள். மார்ச்சில் மையத்தில் பில்கள் தேங்கினால் அது வரிக் கணக்கில் தெரியும்.

மையத்தை எங்கே வைப்பது? ராமநாதபுரத்தில் வையுங்கள் என்பேன். இதில் ஒரு பகுதி உறுதி, ஒரு பகுதி கணிப்பு. சேதுபதி அரசு கலைக் கல்லூரியும் கீழக்கரைக் கல்லூரிகளும் பரமக்குடியும் ஆண்டுதோறும் வணிகவியல் பட்டதாரிகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்பது உறுதி. அவர்களில் பல பெண்களுக்குச் சென்னையில் விடுதி எடுத்துத் தங்குவது வீட்டில் நடக்காத காரியம், பஸ்ஸில் போய் மாலை வீடு திரும்பும் வேலை என்றால் நடக்கும். சென்னை மையங்களில் ஆள் நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பது பெரிய தலைவலி. இரண்டாண்டு பழக்கி விட்டதும் அடுத்த கம்பெனி கூட்டிக்கொண்டு போய்விடும். ஊரில் வைத்தால் ஆள் நிற்பார்கள் என்பது என் கணிப்பு. 2011-இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்து அது வளர்ந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது, ஆனால் அது மென்பொருள் வேலை, அளவும் வேறு. சந்தேகமான இடம் மேல்நிலை ஆட்கள். கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டும் ஈஆர்பி மென்பொருள் தெரிந்த மூத்தவர், வரி நிபுணர் ராமநாதபுரத்தில் வந்து தங்குவார்களா என்பது நிச்சயமில்லை. அந்த இரண்டு மூன்று பேரை மதுரையிலிருந்து வேலை செய்ய விடலாம். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நண்டில் காலொடிந்தது என்றால் என்னவென்று தெரிந்திருப்பதன் மதிப்பு எந்தச் செலவுக் கணக்கிலும் வராது, ஆனால் தினமும் பயன்படும்.

மழையை மறக்காதீர்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ-ஐத் தாண்டிப் பெய்தது. அப்படி ஒரு நாள் சம்பள நாளாக அமைந்தால் என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும்: இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைய இணைப்பு, ஜெனரேட்டர், மதுரையில் அவசரத்துக்கு நான்கு நாற்காலி, அங்கிருந்து ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர். சென்னையில் வைத்தாலும் இதே ஏற்பாடு வேண்டும், அங்கேயும் டிசம்பரில் வெள்ளம் வரும்.

மையத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பதைத்தான் என்னால் துணிந்து சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டிலிருந்து 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில் மின்னணு இன்வாய்ஸாகவே வருகிறது. அதைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டாம். கையெழுத்துப் பில்லைப் படித்து விவரம் எடுக்கும் மென்பொருளும் ஆண்டுக்காண்டு தேறிவருகிறது. இன்றைக்குப் பில் பதிவதற்கென்று நாற்பது மேசை போட்டால் ஐந்து ஆண்டில் அவை காலியாகக் கிடக்கலாம். பொருந்தாத பில்லை, வராத பணத்தை, தகராறான எடையை ஆராய்ந்து தீர்க்கத் தெரிந்த ஆட்களைக் கொண்டு சிறியதாகத் தொடங்குவதே பாதுகாப்பு.

இப்போது உங்கள் கடைசி வரி. பதிவு செய்வதும் கோப்பு அடுக்குவதும் மட்டுமே வேலையாக இருந்தவர்களின் இடங்கள் குறையும். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லதில்லை. ஆனால் மேலே சொன்ன முறையில் செய்தால் இரண்டு வகை வேலை புதிதாகப் பிறக்கும். ஒன்று, மையத்தில் விதிவிலக்குகளைத் தீர்ப்பவர்கள். இரண்டு, ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் சீட்டு பிறக்கும் இடத்திலேயே அதைச் சரியாகப் பிறக்கவைக்கும் கரைப் பொறுப்பாளர். படகுக்காரர் கேள்வி கேட்டால் மையத்தைக் கைகாட்டாமல், தானே திரையைப் பார்த்துப் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இரண்டுக்கும் உங்கள் யூனிட்டில் இன்று இருப்பவர்களைவிடத் தகுதியானவர்கள் வெளியே கிடையாது. நிர்வாகத்திடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: தடைக்காலம் முடிந்து ஒரு முழு மீன்வரத்துக் காலம் ஓடும்வரை யாரையும் நீக்குவதில்லை, மையத்து இடங்களுக்கு யூனிட் ஆட்களுக்கே முதல் அழைப்பு, போக முடியாதவர்களுக்கு என்ன தொகை என்பது மாற்றத்துக்கு முன்பே அறிவிக்கப்படும். இதை நீங்கள் ஒருவராகக் கேட்பதைவிடப் பன்னிரண்டு யூனிட் கணக்குப் பொறுப்பாளர்களும் சேர்ந்து கேட்பது நல்லது. அவர்களோடு பேசுவதை ஆலோசகர்களின் அடுத்த கூட்டத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். இன்றிலிருந்து உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு வழக்கத்துக்கு மாறான பில்லையும், அது ஏன் மாறியிருக்கிறது, நீங்கள் யாரிடம் கேட்டு எப்படித் தீர்த்தீர்கள் என்று அதில் இரண்டு வரி எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் சில பக்கங்கள் நிறையும். எந்த வேலை போகலாம், எது கரையில் நிற்க வேண்டும் என்று ஆலோசகர்கள் கேட்கும்போது அந்தப் பக்கங்களை முன்னால் வையுங்கள். பட்டியலை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.